லேப் அக்காவின் நான்கு ஜெபக் குறிப்புகள்

கைக்குழந்தைக்கு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் அந்த வட்டாரத்தில் எல்லாரும் ஒரே ஆளைத்தான் தேடுவார்கள். "லேப் அக்கா இருக்காங்களா?" என்று கதவருகிலேயே நின்று கேட்பார்கள். இல்லை என்றால், நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிப் போய்விடுவார்கள். மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தாள். பூச்சு உதிர்ந்த சுவரில் கண் தெரியாதவன் ஆணியைத் தடவுவதுபோல ஒரே ஒரு விரலால் முழங்கையின் உட்பக்கத்தைத் தடவுவாள். பிறகு ஊசி போன இடமே தெரியாது.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. கணவர் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். பிள்ளை இல்லை. வாரத்தில் ஆறு நாள் லேப், புதன்கிழமை மாலை வீட்டு ஜெபக்கூட்டம், ஞாயிற்றுக்கிழமை சபை. கணவர் ஞாயிறோடு சரி. புதன்கிழமை அவரைக் கூப்பிட்டால், "எனக்கும் சேர்த்து நீயே கும்பிட்டுட்டு வா" என்பார்.

லேப் அக்காவின் சுபாவத்தில் ஒன்று உண்டு. எந்த எண்ணையும் முதல் தடவையிலேயே நம்பிவிடமாட்டாள். இயந்திரம் ஒரு கணக்குக் காட்டினால், இது சரிதானா என்று இன்னொரு தடவை ஓட்டிப் பார்ப்பாள். தினமும் காலையில் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன், கம்பெனியிலிருந்து வரும் ஒரு சின்னப் புட்டியைத் திறப்பாள். அதில் இருக்கும் சாம்பிளின் அளவுகள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. 'கண்ட்ரோல்' என்று அதற்குப் பெயர். இயந்திரம் அந்தத் தெரிந்த எண்ணைச் சரியாகச் சொன்னால்தான் அன்றைக்கு அதை நம்பலாம். லேபில் இது நல்ல குணம். வீட்டுக்கும் அதை எடுத்துக்கொண்டு போவதுதான் தொல்லை என்று அவள் கணவர் சொல்வார். அவர் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால்கூட ஏன் என்று இரண்டு விதமாகக் கேட்டு, இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை காலையில் தவறு செய்தாள்.

அன்று ஒரே பெயருடைய இரண்டு பெண்கள் அடுத்தடுத்து வந்தார்கள். ஒருத்தி ஐந்து மாதக் கர்ப்பிணி. இன்னொருத்தி ரத்தசோகைக்கு மருந்து சாப்பிடும் அறுபது வயதுக்காரி. இரண்டு பேரின் டியூபுகளிலும் லேபிள் மாறி ஒட்டப்பட்டுவிட்டது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் ஏழு என்று வந்ததும் லேப் அக்கா பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தாள். போன மாதம் அவளுக்குப் பன்னிரண்டு இருந்தது. இவ்வளவு இறங்க வாய்ப்பில்லை. எங்கே தப்பு நடந்தது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கர்ப்பிணி இன்னும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மற்றவளைப் போன் பண்ணித் திரும்ப வரவழைத்தாள். ரத்தம் உறைந்துபோய்விட்டது என்று இருவரிடமும் ஒரு பொய் சொல்லி, மறுபடி எடுத்து, புது லேபிள் அடித்து ஒட்டினாள். ரிப்போர்ட் சரியாகவே போனது. யாருக்கும் ஒரு கேடும் இல்லை. ரிப்போர்ட்களில் கையெழுத்துப் போடும் டாக்டரம்மாவிடம் மட்டும் அவள் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் இருபத்திரண்டு வருடப் பெயர் அது. வாயைத் திறக்கப் போகும்போதெல்லாம் வேறு பேச்சுக்கு மாறிவிடுவாள். ஒன்பது நாள் அதை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, பத்தாம் நாள் புதன்கிழமை, ஜெபக்கூட்டத்தில் கொட்டிவிட்டாள்.

அந்தக் கூட்டம் நடப்பது டீச்சரின் மாடி வீட்டில். டீச்சர் உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். லேப் அக்காவைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், தனியாள். சோபாவில் எப்போதும் பாதி இடத்தை விடைத்தாள் கட்டு பிடித்திருக்கும். அவரைத் தவிர மூன்று பேர் வருவார்கள். வேன் அண்ணன் கிளைகளிலிருந்து ரத்தச் சாம்பிள் பெட்டிகளை லேபுக்குக் கொண்டுவருபவர், பேச்சு குறைவு. லிப்ட் தம்பி அந்தப் பகுதிக் கட்டடங்களில் லிப்ட் பழுது பார்ப்பவர். லேப் இருக்கும் கட்டடத்து லிப்டும் அவர் கையில்தான். மூன்றாவது, லேபுக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். இருபத்தாறு வயது, கூட்டத்துக்கு வர ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

பாட்டு ஒன்று, வேத வாசிப்பு கொஞ்சம், பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் ஜெபக் குறிப்பைச் சொல்வார்கள். மற்றவர்கள் அதற்காக வாரம் முழுவதும் ஜெபிப்பார்கள். இந்த அறையில் சொன்னது இந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதுதான் அங்கே இருந்த ஒரே சட்டம். லேப் அக்கா அந்தச் சட்டத்தை நம்பித்தான் லேபிள் மாறிய கதையைச் சொன்னாள். அழக்கூட அழுதாள். நான்கு பேரும் அவளுக்காக ஜெபித்தார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்பது நாளில் முதல் முறையாகப் பசித்தது.

மறுநாள் வியாழக்கிழமை காலை, டாக்டரம்மா எல்லாரையும் கூப்பிட்டார். அவர்தான் இப்போது லேபின் சொந்தக்காரர். லேபில் அதிகம் பேசமாட்டார். இனிமேல் ஒவ்வொரு லேபிளையும் இரண்டு பேர் பார்த்த பிறகுதான் டியூப் உள்ளே போக வேண்டும் என்றார். ஏன் மேடம், ஏதாவது நடந்துச்சா என்று இன்னொரு டெக்னீஷியன் கேட்டாள்.

"நடக்காம இருக்கத்தான்" என்றார் டாக்டரம்மா. சொல்லும்போது அவருடைய பார்வை லேப் அக்காவின் மேல் ஒரு நொடி நின்று நகர்ந்தது.

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நேற்று மாலை ஏழரை மணிக்குச் சொன்னது, இன்று காலை எட்டு மணிக்கு இங்கே வந்து நிற்கிறது. நடுவில் ஒரு ராத்திரிதான். நான்கு பேரில் யாரோ ஒருவர் வாயை விட்டிருக்கிறார்.

அன்று முழுவதும் அவள் கை ரத்தம் எடுத்தது, மனம் விசாரணை நடத்தியது. லிப்ட் தம்பி காலையில் வந்திருந்தார். லிப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஏதோ பேசியதை அவளே பார்த்தாள். வேன் அண்ணன் தினமும் டாக்டரம்மாவிடம்தான் பெட்டிக் கணக்கு ஒப்படைக்கிறார். மருந்துக்கடைப் பெண் கீழேயே இருக்கிறாள். டாக்டரம்மா மாத்திரை வாங்க இறங்கினால் பத்து நிமிடம் நின்று பேசிவிட்டுத்தான் ஏறுவார். டீச்சரோ, டாக்டரம்மாவுக்கே ஒரு காலத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். யாரை எடுத்தாலும் ஒரு கயிறு டாக்டரம்மாவின் கண்ணாடி அறைக்குள் போய் முடிந்தது. அவர்களை ஐக்கியம், ஒரே குடும்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, எல்லாரும் டாக்டரம்மாவின் ஆட்கள் அல்லவா என்று தோன்றிவிட்டது.

கணவரிடம் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, நாலு பேர்கிட்ட சொன்னா அது ரகசியமா, அறிவிப்பா என்று கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். "நேரா டாக்டரம்மாகிட்டயே போய்ச் சொல்லிடேன்" என்று வேறு சேர்த்துக்கொண்டார். அது அவளுக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது. யார் என்று தெரியாமல் விட முடியாது.

அடுத்த புதன்கிழமை அவள் போனாள். பாட்டுப் பாடினாள். கண்ணை மூடி ஜெபிக்கும் நேரத்தில் கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வேன் அண்ணனின் உதடு மட்டும் அசைந்தது. லிப்ட் தம்பி நகத்தில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைப் பெண் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் தலையைக் குனிந்தபடி அசையாமல் இருந்தார். திருட்டு முழி ஒருவருக்கும் இல்லை. அதுவே அவளுக்குச் சந்தேகத்தை அதிகமாக்கியது.

வழி அவளுக்கு மறுநாள் காலையில் லேபில்தான் கிடைத்தது. கண்ட்ரோல் புட்டியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தபோது. இயந்திரம் உண்மை பேசுகிறதா என்று பார்க்கத் தெரிந்த சாம்பிளைக் கொடுக்கிறோம். மனிதருக்கும் கொடுத்தால் என்ன? ஒவ்வொருவரிடமும் தனியாக, வேறு வேறு பொய்யைச் சொல்வது. எந்தப் பொய் டாக்டரம்மாவின் அறையிலிருந்து திரும்பி வருகிறதோ, அந்த ஆள்தான்.

பொய் சொல்வதில் அவளுக்கு உறுத்தல் இல்லாமல் இல்லை. ஆனால் உறுத்தலுக்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தாள்: சபைக்குள் ஒரு கோள்சொல்லி இருந்தால் அது எல்லாருக்கும்தானே கெடுதல்?

முதலில் லிப்ட் தம்பி. மாடிப்படியில் நிறுத்தி, வேறொரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குக் கேட்டிருப்பதாகவும், அடுத்த செவ்வாய் காலை பத்து மணிக்கு நேர்முகம் என்றும், இதைக் கூட்டத்தில் சொல்ல விருப்பமில்லை, தம்பி மட்டும் ஜெபித்தால் போதும் என்றும் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

வேன் அண்ணனிடம், வலது கை கொஞ்ச நாளாக நடுங்குகிறது, ஊசி பிடிக்கப் பயமாக இருக்கிறது என்றாள். அவர் அவளுடைய கையை ஒரு தடவை பார்த்தார். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

மருந்துக்கடைப் பெண்ணிடம் சொன்ன பொய்தான் பெரியது. கடையில் ஆள் இல்லாத மத்தியானம். தனக்கும் கணவருக்கும் ஆறு மாதமாகப் பேச்சு இல்லை, பிரிந்துவிடலாமா என்று நினைப்பதாகச் சொன்னாள். டாக்டரம்மா குடும்ப விஷயம் என்றால் கட்டாயம் விசாரிப்பார் என்று கணக்குப் போட்டிருந்தாள். அந்தப் பெண் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவள் முகம் மாறிவிட்டது. பிறகு கவுண்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இதுவரை யாரிடமும் சொல்லாத தன் வீட்டுக் கதையை லேப் அக்காவிடம் சொன்னாள். அவளுக்குப் பத்து வயதில் அப்பாவும் அம்மாவும் பிரிந்தது, அதற்கு முந்தின ஒரு வருடம் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை எல்லாம் இவள் மூலமாகவே சொல்லி அனுப்பியது, ஒரு நாள் அப்பா சொன்ன ஒரு வார்த்தையை இவள் அம்மாவிடம் மாற்றிச் சொன்னது, தன்னால்தான் வீடு உடைந்தது என்று இன்றுவரை நினைப்பது. லேப் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கும்போதே, இவள் இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாளே, அப்படியானால் அடுத்தவர் கதையையும் இப்படித்தான் சொல்வாளோ என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

டீச்சருக்கு மட்டும் பொய் கிடைக்கவில்லை. புதன்கிழமை கூட்டம் முடிந்து சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, இப்போது விட்டால் இன்னொரு வாரம் ஆகிவிடும் என்று வாயில் வந்ததைச் சொன்னாள்: "டீச்சர், எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது. கண்ணை மூடினா எதிர்ல யாருமே இல்லாத மாதிரி இருக்கு." டீச்சர் துணியால் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்ததை அலமாரியில் அடுக்கினார். வீட்டுக்கு நடக்கும்போது, மற்ற மூன்றையும்போல இது பொய்தானா என்று லேப் அக்கா யோசித்தாள். சரியாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

டாக்டரம்மாவிடமிருந்து எதுவும் வரவில்லை. வேறு வேறு பக்கங்களிலிருந்து வேறு வேறு விஷயங்கள் வந்தன. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு லிப்ட் தம்பி போன் பண்ணி, நேர்முகம் எப்படிப் போச்சு அக்கா என்றார். பின்னால் அமைதியாக இருந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, சபையில்தான், அரை நாள் லீவு போட்டுவிட்டு பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றார். அவருக்கு அரை நாள் லீவு எவ்வளவு கடினம் என்று அவளுக்குத் தெரியும். சுமாராகப் போனது என்று இன்னொரு பொய்யைச் சொல்லிப் போனை வைத்தாள்.

வேன் அண்ணன் வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி ஓட்டுவது அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. சபை வாசலில் அவர் மனைவி, எதுக்கு உபவாசம்னு கேட்டா சொல்லமாட்டேங்கிறார், உங்களுக்காவது தெரியுமா என்று இவளிடமே கேட்டார். முகத்தில் ஈயாடாமல் நின்றாள் லேப் அக்கா. அடுத்த வாரம் அவர் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். நரம்பு டாக்டர் ஒருவரின் விலாசம். மச்சினன் மூலமாக நேரம் வாங்கியிருக்கிறாராம். போகாமல் இருக்க அவள் மூன்று காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மருந்துக்கடைப் பெண் இன்னும் ஒரு படி மேலே போனாள். ஞாயிறு மத்தியானம் ஒரு கேக் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். லேப் அக்காவுக்கும் கணவருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "அண்ணா, அக்கா லேப்ல உங்களைப் பத்தி எவ்வளவு பெருமையா பேசுவாங்க தெரியுமா" என்று ஆரம்பித்தாள். அரை மணி நேரம் நிறுத்தவில்லை. கணவர் விழித்தார். அவள் போன பிறகு, "இந்தப் பொண்ணு ஏன் என்னை ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவனைப் பார்க்கிற மாதிரி பார்க்குது?" என்றார். லேப் அக்கா சிரித்துச் சமாளித்தாள். அன்று கேக்கை அவள் தொடவில்லை.

இந்த மூவரும் இல்லை என்று ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது டீச்சர்தான். சமையலறையில் சொன்னதற்குப் பிறகு மூன்று வாரம் ஆகியும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. அவள் கண்ணைப் பார்ப்பதையே தவிர்ப்பதுபோல் இருந்தது. குற்றம் உள்ளவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று லேப் அக்கா முடிவுகட்டினாள். லேபிள் கதையை டாக்டரம்மாவிடம் சொன்னது இவர்தான். பழைய மாணவி, பழைய டீச்சர். வேறு யார் சொன்னால் டாக்டரம்மா அவ்வளவு சீக்கிரம் நம்புவார்?

அதற்கேற்றாற்போல அந்த வியாழக்கிழமை, அவள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, டீச்சர் டாக்டரம்மாவின் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். பள்ளி நாள். மத்தியானம் ஒரு மணி. திரைச்சீலை பாதி இழுத்துவிடப்பட்டிருந்தது. டாக்டரம்மா முன்னால் சாய்ந்து ஏதோ சொல்ல, டீச்சர் தலையாட்டிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம். லேப் அக்கா டியூபுகளை அடுக்குவதுபோலப் பாவனை செய்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டீச்சர் வெளியே வந்து, அவளைப் பார்த்து, எதுவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அவளால் பொறுக்க முடியவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக டாக்டரம்மாவின் அறைக்குள் போனாள்.

"டீச்சர் என்னைப் பத்தி என்ன சொன்னாங்க மேடம்?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"உங்களைப் பத்தி ஒண்ணும் பேசலை. அவங்க வந்தது அவங்க வேலையா. அது என்னன்னு நான் உங்ககிட்ட சொல்ல முடியாது."

"அப்போ லேபிள் விஷயம் உங்களுக்கு யார் சொன்னாங்க?"

கேட்ட பிறகுதான், தன் வாயாலேயே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டது அவளுக்கு உறைத்தது. டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். லேபிள் இயந்திரத்தின் பதிவு அது. எந்த நேரத்தில் யார் எந்த லேபிளை அடித்தார்கள் என்பது வரிசையாக இருந்தது. ஒரு திங்கட்கிழமைக்கு நேராக, ஒரே பெயர் இரண்டு தடவை, நாற்பது நிமிடம் கழித்து அதே பெயர் மறுபடி இரண்டு தடவை. பக்கத்தில் அவளுடைய எண், காரணம் என்ற இடத்தில் 'ரத்தம் உறைந்தது'.

"மாசக் கடைசியில இதைப் பார்ப்பேன். அன்னைக்கு புதன்கிழமை சாயந்திரம் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ரத்தம் உறைஞ்சிருக்காதுன்னு தெரியும். சரி, நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒரு மாசமாப் பார்க்கிறேன்."

லேப் அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. தவறை மறைத்ததற்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை, அந்த இரண்டு பெண்களுக்கும் போன் பண்ணி உண்மையைச் சொல்ல வேண்டும், மூன்று மாதத்துக்கு அவள் எடுக்கும் ஒவ்வொரு சாம்பிளையும் இன்னொருவர் கூடவே நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்குக் கீழே வேலை பழகிய டெக்னீஷியன்தான் அந்த இன்னொருவர். எல்லாவற்றுக்கும் சரி என்றாள். அந்த அறையை விட்டு வெளியே வரும்போது அவளை அழுத்தியது எச்சரிக்கைக் கடிதம் இல்லை. யாரும் எதையும் சொல்லவில்லை. நான்கு பேரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இல்லாத நேர்முகத்துக்காக ஒருவர் லீவு போட்டிருக்கிறார், நடுங்காத கைக்காக ஒருவர் பட்டினி கிடந்திருக்கிறார்.

அவள் போதகரிடம் போய்த் தனியாகச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தாள். டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டியதைக் கூட்டத்தில் சொன்னதுதானே முதல் கோணல், இப்போது கூட்டத்தில் சொல்ல வேண்டியதை வேறு இடத்தில் சொல்வதா என்று அந்த யோசனையைக் கைவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை, பாட்டு முடிந்ததும், இன்று ஜெபக் குறிப்பு இல்லை, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்து, நான்கு பொய்களையும் ஏன் சொன்னாள் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சோபாவில் இருந்த விடைத்தாள் கட்டின் சிவப்பு நாடாவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவள் நிறுத்தினாள். லிப்ட் தம்பி முகம் சிவந்து, கோபமா வெட்கமா என்று தெரியாமல், தலையைச் சொறிந்தார். வேன் அண்ணன்தான் முதலில் கேட்டார்.

"அப்போ கை நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு அண்ணே."

"நாலு வெள்ளிக்கிழமை" என்றார் அவர். அது மன்னிப்பா, குத்தலா என்று அவளால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

மருந்துக்கடைப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சத்தம் போடவில்லை.

"நீங்க சொன்னது பொய். நான் சொன்னது நிஜம் அக்கா."

லேப் அக்கா எழுந்தாள். எதுவோ சொல்லப் போனாள். அந்தப் பெண் கையை நீட்டித் தடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். படியில் அவள் காலடிச் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

மற்ற இருவரும் போன பிறகு டீச்சர் கோப்பைகளைக் கழுவவில்லை. சோபாவில் விடைத்தாளைத் தள்ளிவிட்டு அவளை உட்காரச் சொன்னார். தனக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறு, மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், போன வியாழக்கிழமைதான் பெயர் வைத்துச் சொன்னார்கள் என்றார். லேபில் அவளிடம் சொல்லலாம் என்று நினைத்தாராம். வாய் வரவில்லையாம்.

"எங்க யார்கிட்டயும் சொல்லலையே டீச்சர்? ஜெபக் குறிப்புல கூடச் சொல்லலையே?"

"சொல்ல முடியலை. நீ அன்னைக்கு சொன்னியே, எதிர்ல யாருமே இல்லாத மாதிரி இருக்குன்னு. அது பொய்தானா?"

"தெரியலை டீச்சர்."

"எனக்கு ரெண்டு மாசமா அப்படித்தான் இருக்கு. உன்கிட்ட என்னன்னு பதில் சொல்றது? அதான் சும்மா இருந்தேன்."

அன்று இரண்டு பேரும் சேர்ந்து ஜெபிக்கவில்லை. லேப் அக்கா எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

அந்த மாதத்திலிருந்து டீச்சருக்குச் சிகிச்சை தொடங்கியது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். டாக்டரம்மாவே லேப் அக்காவை டீச்சர் வீட்டுக்கு அனுப்பினார். அந்த மூன்று மாதமும் கூடவே அந்த டெக்னீஷியனும் வந்து லேபிளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். தன்னிடம் வேலை பழகியவளே தன் லேபிளைச் சோதிப்பதை லேப் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். புதன்கிழமைக் கூட்டம் நிற்கவில்லை. வேன் அண்ணன் வந்தார். லிப்ட் தம்பி இரண்டு வாரம் வராமல் இருந்துவிட்டு வந்தார். லேப் அக்கா தன் குறிப்பைச் சொன்னபோதெல்லாம் அவர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

மருந்துக்கடைப் பெண் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டுக் கூட்டத்துக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டார்கள். அங்கே அவள் குறிப்பு எதுவும் சொல்வதில்லையாம், அடுத்தவருக்காக மட்டும் ஜெபிப்பாளாம். லேப் அக்கா கடையில் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள். முதல் தடவை அந்தப் பெண் சீட்டைப் பார்த்து மாத்திரையை எடுத்துக் கொடுத்ததோடு சரி. இரண்டாம் தடவை, கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பெண்ணே தணிந்த குரலில் கேட்டாள்.

"எங்க வீட்டு விஷயத்தை நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லலை. என் வீட்டுக்காரர்கிட்ட கூடச் சொல்லலை."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். நிஜமாகவே சொல்லவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது என்று லேப் அக்காவுக்குத் தெரியவில்லை. அதற்கு வழி எதுவும் இல்லை.

டீச்சரின் ஊசி மருந்துகள் அந்தக் கடையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. குளிர்ச்சி குறையாமல் கொண்டுவர வேண்டும் என்று அந்தப் பெண்ணே பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு மாடியேறி வருவாள். சில நாள் லேப் அக்கா ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிடுவாள். உள்ளே வரமாட்டாள். படிக்கட்டில் நின்றபடி, முடிந்ததா அக்கா என்று கேட்பாள். லேப் அக்கா டியூபைப் பெட்டியில் வைத்து, பையை எடுத்துக்கொண்டு, வழிவிட்டு இறங்குவாள். அவள் கீழ்ப் படிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, மேலே கதவு திறந்து, டீச்சரும் அந்தப் பெண்ணும் பேசுகிற சத்தம் கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று நின்று கேட்க ஆசையாக இருக்கும். ஒருநாள் நின்றும் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு லேபைப் பார்த்து நடந்தாள். டியூப் சூடாவதற்குள் போய்ச் சேர வேண்டும்.